ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம், சட்டப்படி நான் அவருக்கு யார்?

சிறுவாணி:
கோவை பீளமேட்டில் வாடகை வீடு. எனக்கு 34 வயது, அவருக்கு 37. இருவருக்கும் முன்பு கல்யாணம் ஆனதில்லை. தாலியிலும் சடங்கிலும் நம்பிக்கை இல்லாததால் அப்படியே இருந்துவிட்டோம். போன மாதம் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. 'தோழி' என்று எழுதினேன். சொந்தக்காரர் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார்கள். திருநெல்வேலியிலிருந்து அவர் அண்ணன் வந்து சேர ஏழு மணி நேரம். அதுவரை இவர் வலியில் என் கையைப் பிடித்தபடி கிடந்தார். அவர் பெயரில் வாங்கிய மனைக்கு நானும் நான்கு லட்சம் போட்டிருக்கிறேன். நாளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கோர்ட்வாசல்:
சகோதரி, குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்: அவர் அடித்தாலோ துரத்தினாலோ அதே வீட்டில் குடியிருக்க உரிமை கேட்கலாம், பண உதவியும் கேட்கலாம். யாருக்கெல்லாம் பொருந்தும் என்று 2010ல் உச்ச நீதிமன்றம் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் சொன்னது. அது உங்கள் கோவை குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குதான். இருவரும் மணமாகாதவர்களாக, திருமண வயது வந்தவர்களாக, ஊரார் பார்வையில் கணவன் மனைவியாக, கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சண்டை வந்தால்தான் உதவும். சாவு வந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலில் உங்களுக்கு இடமே இல்லை. உயில் இல்லாவிட்டால் மனை அவர் அம்மாவுக்குப் போகும்; அம்மா இல்லையென்றால் அப்பா, அப்புறம் அண்ணன். வங்கிக் கணக்கில் நாமினி ஆக்கினாலும் பணத்தை வாங்கலாமே தவிர, வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். அதனால் இந்த வாரமே அவரை உயில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைத் தாள், இரண்டு சாட்சிகள் போதும். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நான்கு லட்சம் அனுப்பிய வங்கி ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

மொட்டைமாடி:
தாலிதான் தடை என்றால், அண்ணா முதல்வராக இருந்தபோது 1967ல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறதே அக்கா! இருவரும் இந்துக்கள் என்றால் நண்பர்கள் முன்னிலையில் மோதிரம் மாற்றினாலே செல்லும். நாங்கள் 2019ல் மாடியில் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தோம். டீயும் போண்டாவும்தான் விருந்து. அப்புறம் பதிவு செய்துகொண்டோம்.

சிறுவாணி:
தம்பி, மோதிரம் பற்றி நேற்று இரவு முழுக்கப் பேசினோம். இன்னும் முடிவாகவில்லை. உயில் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறோம். வக்கீல் சார், அவர் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

கோர்ட்வாசல்:
தாராளமாக. நாளை எதிர்த்து வழக்குப் போடக்கூடியவரே சாட்சி என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணனையே கூப்பிடுங்கள்.