நத்தார் விருந்துக்குப் பச்சையாகச் சாப்பிடும் சிப்பி: வாங்குவது, திறப்பது, பரிமாறுவது

கரையோரன்:
வருடக் கடைசியில் பிரான்சில் ஆய்ஸ்டர் சிப்பி வாங்கப் போகிறவர்கள் முதலில் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். குழிச் சிப்பியில் (ஒரு ஓடு குழிந்தும் மற்றது தட்டையாகவும் இருக்கும் வகை) எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். 5 என்றால் 30 முதல் 45 கிராம், 3 என்றால் 66 முதல் 85 கிராம், 0 என்றால் 150 கிராமுக்கு மேல். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் வந்தால் 3 அல்லது 4 எடுங்கள். 0, 1 எல்லாம் வாய் கொள்ளாமல் வழுக்கி ஆளை மிரட்டிவிடும். மற்றச் சாப்பாடும் இருந்தால் ஆளுக்கு 6, சிப்பிதான் விருந்தே என்றால் 12.

பெட்டியில் ஒட்டியிருக்கும் சுகாதாரச் சீட்டில் பொதி செய்த தேதி இருக்கும். விருந்து முடிந்து சில நாள்வரை அதை எறிய வேண்டாம். யாருக்காவது வயிறு கலங்கினால் எந்த இடத்துச் சிப்பி என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். 2023 டிசம்பர் கடைசியில் பிரான்சின் தென்மேற்குக் கரையில் உள்ள ஆர்க்கசோன் குடாச் சிப்பிகளின் விற்பனையை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸுக்காக நிறுத்தினார்களே, அந்த மாதிரி நேரத்தில் இந்தச் சீட்டு இல்லாமல் ஒன்றும் தெரியாது.

குசினிக்காரி:
அண்ணா, வைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறையப் பேர் தண்ணீர் வாளியில் போட்டுவிடுகிறார்கள். நல்ல தண்ணீரில் சிப்பி செத்துப்போகும். பிளாஸ்டிக் பையில் கட்டினாலும் மூச்சு முட்டிச் சாகும். வந்த கூடையோடே, குழிந்த ஓடு கீழே இருக்கும்படி, மேலே ஈரத்துணி போட்டு, பாரம் ஏதாவது வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 முதல் 10 பாகைக்குள் வையுங்கள். பாரம் எதற்கென்றால், வாய் திறந்தால் உள்ளே இருக்கும் கடல்நீர் வடிந்துவிடும், அது வடிந்தால் சிப்பியும் முடிந்தது.

கரையோரன்:
சரியாகச் சொன்னீர்கள். இனித் திறப்பது. அடம்பிடிப்பது இங்கேதான்.

முதலில் தூரிகையால் ஓட்டைத் தேயுங்கள், இரண்டு ஓடும் ஒட்டியிருக்கும் பிணைப்புப் பக்கத்துச் சேறு முழுவதும் போகவேண்டும். இடது கையில் தடித்த துணியை நாலாக மடித்துப் பிடித்து, அதற்குள் சிப்பியை வையுங்கள். குழிந்த ஓடு கீழே, தட்டை ஓடு மேலே, கூரான பிணைப்பு உள்ளங்கைப் பக்கம். இப்போது ஓடுகளை இறுக்கி மூடிப் பிடிக்கும் தசை வலது புறம் இருக்கும், பிணைப்பிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். கத்தி போக வேண்டிய இடம் அதுதான். பெருவிரலைக் கத்தியின் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பிடியுங்கள், சறுக்கினாலும் அதற்கு மேல் போகாது. குத்தாதீர்கள், மெதுவாக ஆட்டி ஆட்டி நுழையுங்கள். உள்ளே போனதும் கத்தியை மேல் ஓட்டின் உட்புறத்தோடு உரசியபடி இழுங்கள். தசை அறுந்ததும் இறுக்கம் சட்டென்று விடும், மூடி தானாக எழும்பும். கத்தி கீழ்நோக்கிச் சாய்ந்தால் வயிறு கிழிந்து தண்ணீர் பால்போலக் கலங்கிவிடும்.

ஓட்டின் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பிணைப்பில் நுனியை வைத்துத் திருகுங்கள். அதற்குக் குட்டையான, தடித்த கத்தி வேண்டும். காய்கறிக் கத்தி வேண்டவே வேண்டாம், வளையும், வளைந்தால் போய் நிற்பது உள்ளங்கையில்.

வெள்ளைப்பூடு:
உள்ளே விழுந்த ஓட்டுத் துண்டை எடுக்கக் குழாயைத் திறக்காதீர்கள், ருசி முழுதும் கழுவிப் போய்விடும். கத்தி நுனியே போதும். முதல் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பத்து நிமிடத்தில் சிப்பி தானே இன்னொரு தண்ணீர் விடும், அதில்தான் சுவை.

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன் திறந்து பிரிட்ஜில் வைத்தால் போதும். தட்டில் கல்லுப்பைக் கொஞ்சம் நனைத்துப் பரப்பி வைத்தால் ஓடு சாயாது. ஐஸ் மலைமேல் வைப்பது பார்க்க அழகுதான், நாக்கு மரத்துப்போகும்.

வினிகர்ச் சாறு: சிவப்பு வைன் வினிகர் 100 மில்லி, பொடியாக நறுக்கிய எஷலோட் வெங்காயம் 2 (கிடைக்காவிட்டால் நம் சின்ன வெங்காயம் 6), கொரகொரவென இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. அரை மணி நேரம் ஊறட்டும். சிப்பிக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். பக்கத்தில் ரை ரொட்டியும் உப்பு வெண்ணெயும். பச்சைமிளகாய் போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், ஒரு வட்டம், இரண்டாவது போட்டால் மிளகாய்தான் தெரியும்.

குசினிக்காரி:
செத்ததைக் கண்டுபிடிக்க: திறக்கும் முன் வாய் பிளந்திருந்தால் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் எறியுங்கள். திறந்தபின் கறுப்பு விளிம்பைக் கத்தி நுனியால் தொடுங்கள், உயிர் இருந்தால் சுருங்கும். உள்ளே காய்ந்திருந்தாலோ நாற்றமடித்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நம் விருந்துகளில் சர்க்கரை வியாதிக்காரர் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். தேசிக்காயும் மிளகாயும் வைனும் கிருமியைக் கொல்லாது. விப்ரியோ என்ற பக்டீரியா ஈரல் நோயாளிக்கு உயிராபத்து.

லாசப்பல் வாசி:
அப்போ அவர்களுக்கு என்ன செய்வது அக்கா?

குசினிக்காரி:
ஓட்டோடு ஆவியில் வையுங்கள். வாய் திறந்தபிறகும் 4 முதல் 9 நிமிடம், உருவத்தைப் பார்த்து. திறக்காதது குப்பைக்கு. நோரோவைரஸ் கொஞ்சம் சூட்டுக்கெல்லாம் மசியாது, அதனால் வாய் திறந்த உடனே இறக்காதீர்கள். மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி, மிளகு, பிறகு அடுப்பில் கிரில்லில் இரண்டு நிமிடம். பச்சையாகச் சாப்பிடுகிறவர்களும் கை நீட்டுவார்கள், இரண்டு டசின் கூட வாங்கி வையுங்கள்.

கரையோரன்:
திறக்காமல் மிஞ்சியதை அப்படியே பாரம் வைத்துப் பிரிட்ஜுக்கு அனுப்பலாம், பொதி செய்த தேதியிலிருந்து பத்து நாள் தாண்டக்கூடாது. திறந்தது மிஞ்சினால் குப்பைக்குத்தான். ஓட்டைப் பழைய பேப்பரில் சுற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பை கிழிந்து படிக்கட்டெல்லாம் நாறும்.