மொட்டைமாடி டைல்ஸ்: கலவையா, பசையா?

மாடிக்கேள்வி:
சென்னையில 30க்கு 20 அடி மொட்டைமாடி. 2 அடி விட்ரிஃபைட் (கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட) டைல்ஸை ஒரு அங்குல சிமெண்ட் கலவையில, இடைவெளியே விடாம ஒட்ட ஒட்டப் போட்டிருக்கு. மூணாவது மே மாசம் நடுவரிசையில ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பிடுச்சு. பெயர்த்துட்டு மறுபடி கலவையிலயே போடலாமா, டைல் பசைதான் வேணுமா?

ரசமட்டம்:
பசைதான். எழும்பின டைல்ஸைத் திருப்பி முதுகைப் பாருங்க, கலவை பிடிச்ச தடமே இருக்காது, சுத்தமா கழண்டு வந்திருக்கும். சிமெண்ட் பால் பிடிக்கணும்னா டைல்ஸ் அதைக் கொஞ்சமாவது உறிஞ்சணும். விட்ரிஃபைட் தண்ணியே குடிக்காது. பசைப் பையில, டைல் பசைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477னு போட்டு டைப் எண் இருக்கும். டைப் 1 வீட்டுக்குள்ள போடுற சாதா செராமிக்குக்கு. வெயில் மாடிக்கு டைப் 3க்குக் கீழ இறங்காதீங்க.

கரணை:
ஒத்துக்க மாட்டேன் சார். சென்னையில பழைய மாடியெல்லாம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, மேல தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிச்சதுதான். எத்தனையோ மாடி 40 வருஷம் தாண்டி நிக்குது. அங்க பசை ஏது? இன்னொண்ணு, 3 மில்லிமீட்டர் கனப் பசையில தண்ணி வாட்டம் (தண்ணி வடியுற சரிவு) எப்படிக் கொடுப்பீங்க? கலவைன்னா வாட்டமும் படுக்கையும் ஒரே வேலையில முடியும். 600 சதுர அடிக்கு ஒரு அங்குலம், 1:4 கலவைன்னா 11 மூட்டை சிமெண்ட் போதும். பசை 20 கிலோ பை 12லிருந்து 15 வரைக்கும் ஆகும். செலவையும் பாருங்க.

ரசமட்டம்:
வாட்டத்தைப் பசையில கொடுக்கச் சொல்லலை. முதல்ல கலவையில 100க்கு 1 வாட்டம் போட்டு, ஒரு வாரம் தண்ணி கட்டி, நல்லா காயவிட்டு, அதுக்கு மேல பசை. செலவு கூடும், அது உண்மை.

தட்டோட்டை நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு. அது 9 அங்குலம். 30 அடி நீளத்துல 40 ஓடு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு இணைப்பு. கீழ இருக்கிற சுண்ணாம்பும் சிமெண்ட் மாதிரி இறுகாது, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இங்க 15 டைல்ஸ் முட்டிக்கிட்டு நிக்குது. காலை 25 டிகிரியில இருக்கிற தளம் மே மாச மதியம் 60 தொடும். அந்த 35 டிகிரிக்கு 30 அடி டைல்ஸ் வரிசை 2 மில்லிக்கு மேல நீளும். கீழ கலவை காய்ஞ்சு சுருங்குது, மேல டைல்ஸ் விரியுது. ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். வேற வழியில்லாம மேல எழும்புது.

கரணை:
அப்போ குத்தம் கலவை மேல இல்லை, இடைவெளி விடாததுலதான். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பசையில போட்டும் ஒட்ட ஒட்ட வச்சா எழும்பத்தான் செய்யும்.

ரசமட்டம்:
சரிதான், அதுல உங்க கட்சிதான் நான். ஆனா இடைவெளி மட்டும் போதாது, முதுகு முழுக்கப் பிடிக்கணும். ஓரத்துல 10 மில்லி பல் வெட்டின கரணையால பசையை ஒரே திசையில இழுங்க, டைல்ஸ் முதுகுலயும் மெல்லிசா தேய்ங்க, வச்சு முன்னும் பின்னும் அசைச்சு அழுத்துங்க. பத்துல ஒண்ணை உடனே பெயர்த்துப் பாருங்க. பல் கோடு கோடா அப்படியே நின்னா உள்ள காத்துதான். கோடு நசுங்கி ஒண்ணா சேர்ந்திருக்கணும். சென்னை வெயில்ல பசை 10 நிமிஷத்துலயே ஆடை கட்டிடும். விரலால தொட்டா ஒட்டலைன்னா வழிச்சுப் போட்டுட்டுப் புதுசா இழுங்க, தண்ணி தெளிச்சு இளக்காதீங்க. காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணிக்குள்ள முடிக்கிறது நல்லது.

நீலகிரி:
ஊட்டிப் பக்கம் கதையே வேற. டிசம்பர், ஜனவரியில உறைபனி. நாலு மூலையிலயும் நடுவுலயும் மட்டும் பசை உருண்டை வச்சுப் பதிச்சா அடியில தண்ணி தங்கும். உறையும்போது அது 9 சதவீதம் பெருகி டைல்ஸை உடைச்சிடும். இங்க தண்ணி உறிஞ்சாத டைல்ஸ்தான் வேணும். காய்ஞ்ச டைல்ஸை எடை போட்டு, ஒரு நாள் தண்ணியில ஊறவச்சு, துடைச்சு மறுபடி எடை போடுங்க. 10 கிலோவுக்கு 300 கிராம் ஏறினா வெளியில போடவே கூடாது. ராத்திரி 5 டிகிரிக்குக் கீழ போகுற நாள்ல வேலையை நிறுத்திடுங்க. பசை இறுகாது.

மாடிக்கேள்வி:
இடைவெளி எவ்வளவு, எங்கெங்க?

ரசமட்டம்:
டைல்ஸுக்கு நடுவுல 4 மில்லி ஸ்பேசர் (இடைவெளிக்குச் சொருகுற பிளாஸ்டிக் துண்டு), மறுநாள் க்ரவுட் (இடுக்கை அடைக்கிற பூச்சு). அது போக, 10 அடிக்கு ஒண்ணா நீளவாக்குல ஒரு வெட்டுக் கோடு, குறுக்க ரெண்டு. தளம் ஆறு கட்டமா பிரியும். அந்தக் கோடும் கைப்பிடிச் சுவர் ஓரமும் 10 மில்லி அகலம், வாட்டக் கலவையையும் சேர்த்து வெட்டணும். உள்ள நுரைக் கயிறு, மேல பாலியூரித்தேன் சீலண்ட் (ரப்பர் மாதிரி நெகிழுற அடைப்பு) 5 மில்லி ஆழம். கயிறு இல்லாட்டி சீலண்ட் அடியிலயும் ஒட்டிக்கும், இழுபடும்போது கிழியும்.

கரணை:
ஒண்ணு சேர்த்துக்கங்க. சுத்தம் பண்ண ஆசிட் ஊத்துற வழக்கம் இருக்கு. சிமெண்ட் க்ரவுட்டை அது கரைச்சிடும், மழைத்தண்ணி உள்ள இறங்கும். அதைவிட முக்கியம், க்ரவுட் அடிக்கிற அன்னிக்குப் பக்கத்துலயே நில்லுங்க. பார்க்க ஓட்டையா இருக்கேன்னு அந்த 10 மில்லி வெட்டையும் சேர்த்துப் பூசி அடைச்சிடுவாங்க. முதல் நாளே அதுல தெர்மாகோல் பட்டை சொருகி வச்சிடுங்க.