தந்தை செல்வாவின்ர (ஈழத்துத் தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின்ர) சின்ன வயசு: உங்களுக்கு மறக்கேலாமல் இருக்கிறதை எழுதுங்கோ

ஒட்டுசுட்டான் வாத்தி:
அவர் பிறந்த ஈப்போ, வளந்த தெல்லிப்பழை, படிச்ச சென் ஜோன்ஸ் கல்லூரி எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை நான் எழுதேல்லை. எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்கிறது ஒரு பேச்சுப்போட்டி. 2017இல, ஏப்ரல் 26 நினைவுநாளை ஒட்டி வச்சது. தரம் 7 பெடியன் ஒருத்தன் மேடையேறினான். ஆரோ பெரியாக்கள் எழுதிக் குடுத்த பேச்சு. "1898 மார்ச் 31ஆம் நாள், மலாயாவின் ஈப்போ நகரிலே" எண்டு கணீரெண்டு தொடங்கினவன், "நான்கு வயதிலே தாயாரின் கரம்பற்றி" எண்ட இடத்தில நிண்டிட்டான்.

மறந்துபோனான் எண்டுதான் எல்லாரும் நினைச்சம். முன்வரிசையில இருந்த அவன்ர ரீச்சர் அடுத்த வசனத்தை வாயசைச்சுக் காட்டுறா. அவன் அந்தப் பக்கமே பாக்கேல்லை. காற்சட்டைப் பொக்கற்றை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, மேடைக் குரலை விட்டிட்டு, வீட்டில கதைக்கிற மாதிரிச் சொன்னான்: "என்னையும் நாலு வயசிலதான் அம்மா கூட்டிக்கொண்டு வந்தவ. வட்டுவாகல் பாலத்தால. அக்காவும் வந்தவ. அப்பா வரேல்லை. அவற்ற அப்பாவும் வரேல்லை, மலாயாவில நிண்டிட்டார். அவரைப் பள்ளிக்கூடம் விட்டது அம்மாதான்."

வட்டுவாகல் எண்டது 2009இல போர் முடியேக்க முல்லைத்தீவில சனம் கடந்து வந்த பாலம். பிறகு அவன் விட்ட இடத்தில பிடிச்சு, பாடமாக்கினதை முழுக்கச் சொல்லி முடிச்சான். விடயத்தை விட்டு விலகினது எண்டு புள்ளியைக் குறைச்சுப்போட்டினம். இடம் ஒண்டும் கிடைக்கேல்லை. அண்டைக்குப் பேசின பிள்ளைகளுக்குள்ள அந்த மனிசன்ர வாழ்க்கையை விளங்கிப் பேசினது அவன் ஒருத்தன்தான்.

வட்டக்கச்சியில இருந்து:
எங்கட குடும்பம் தெல்லிப்பழை. 90இல சண்டையால ஊரை விட்டு வெளிக்கிட்டு, 95 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயரேக்க திரும்பவும் எழும்பி, கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தனாங்கள். பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில ஒரு அப்பு இருந்தவர், தெல்லிப்பழை யூனியன் கல்லூரியில படிச்சவர். பின்னேரத்தில பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்தி, தடியால மண்ணில கீறுவார்: இது காங்கேசன்துறை றோட்டு, இது தண்டவாளம், இது துர்க்கை அம்மன் கோயில். கடைசியில ஒரு கல்லை எடுத்து வைப்பார். "இது பள்ளிக்கூடம். 1816இல அமெரிக்க மிசன்காரர் தொடங்கினது. செல்வநாயகமும் இதிலதான் படிச்சவர், நானும் இதிலதான் படிச்சனான்."

ஒருநாள் மழை வந்து கீறினது எல்லாம் அழிஞ்சு போச்சு. கல்லு மட்டும் கிடந்தது. அப்பு குடையும் இல்லாமல் வெளியில வந்து அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள்ள வச்சார். அவர் ஊரைப் பிறகு பாக்கவே இல்லை.

துணுக்காயான்:
வாத்தி அண்ணை, பெடியனில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ. செல்வநாயகத்தின்ர தேப்பன் மலாயாவில வியாபாரம் செய்தவர். பிள்ளைகள் படிக்கட்டும் எண்டு திட்டம் போட்டு அனுப்பினது அது. ஊரில சொந்தபந்தம் இருந்தது, மிசன் பள்ளிக்கூடம் இருந்தது, பிறகு கொழும்பில சென் தோமஸ். பண்டாரநாயக்கா படிச்ச அதே பள்ளிக்கூடம். பண்டாரநாயக்கா பிரதமராய் இருக்கேக்க, 1957 யூலை 26இல தமிழர் பிரச்சினை தீர்க்க ஒப்பந்தம் எழுதின ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வட்டுவாகலால வந்த பிள்ளைக்கு என்ன இருந்தது?

என்ர அனுபவம் சின்னது. என்ர மகள் இதே தலைப்பில பேசி முதலாமிடம் எடுத்தவள். வீட்டை வந்து "அப்பா, ஈப்போ எங்க இருக்கு?" எண்டு கேட்டாள்.

அதால பேச்சுப் பழக்கிற ரீச்சர்மாருக்குச் சொல்லுறன். முதலில உலகப் படத்தை விரிச்சு வையுங்கோ. ஈப்போவில இருந்து காங்கேசன்துறை மட்டும் பிள்ளையே விரலால இழுக்கட்டும். இடையில எவ்வளவு கடல் எண்டு தெரிஞ்சால்தான் நாலு வயசுப் பிள்ளையைக் கொண்டு ஒரு தாய் வந்தது என்னெண்டு விளங்கும். ரெண்டாவது, "தந்தை" எண்டு தொடங்க வேண்டாம். இருபது வயசில லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டம், விஞ்ஞானத்தில. அதைச் சொல்லுங்கோ, பிள்ளை நிமிர்ந்து இருக்கும். மூண்டாவது, அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் எண்டதை ஒளிக்காதேங்கோ. சைவச் சனம் நிறைஞ்ச காங்கேசன்துறைத் தொகுதி அவரை ஏன் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினது எண்டு பிள்ளையே கேக்கட்டும். எழுதிக் குடுக்கிறதை முதலில நிப்பாட்டுங்கோ. பிள்ளை சொல்லட்டும், நீங்கள் பிழையை மட்டும் திருத்துங்கோ.

கிளிநொச்சி மகள்:
எனக்குச் சின்ன வயசுக் கதை இல்லை, அதுக்குக் கொஞ்சம் பிந்தினது. செல்வநாயகம் கொழும்பில படிப்பிச்சுக்கொண்டிருந்த காலத்தில, வருத்தமாய்க் கிடந்த சகோதரனைப் பாக்கத் தெல்லிப்பழைக்குப் போக லீவு கேட்டிருக்கிறார். அதிபர் குடுக்கேல்லை. வேலையை விட்டிட்டார். பிறகுதான் வெஸ்லி கல்லூரி, சட்டம் எல்லாம்.

என்ர அண்ணா வவுனியா ஆசுப்பத்திரியில கிடக்கேக்க நான் ஒரு இடத்தில கணக்கெழுதிக்கொண்டிருந்தனான். மாதமுடிவு, லீவு இல்லை எண்டிட்டினம். இரவு குசினி வாசலில இருந்து அழுதுகொண்டிருந்தன். அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், திருவலையை விட்டு எழும்பாமலே இந்தக் கதையைச் சொன்னார். சொல்லி முடிச்சு, "அந்த மனிசன் கேட்டுக் குடுக்காத லீவு, பிள்ளை. நீ விடிய முதல் பஸ்ஸைப் பிடி" எண்டார். பிடிச்சன். அண்ணா என்னைக் கண்டு கையை ஆட்டினவர். அந்த வேலைக்கு நான் திரும்பிப் போகேல்லை.

துணுக்காய் அண்ணை, காசு இருந்த குடும்பம் எண்டுறீங்கள். சரி. காசு இருந்தும் கூடப்பிறந்தவனுக்காக வேலையை எறிய எல்லாராலும் ஏலுமோ? அந்தப் பாசத்தை ஊட்டி வளத்தது அந்தத் தாய்தானே.

ஒட்டுசுட்டான் வாத்தி:
துணுக்காய் தம்பி, அந்தப் பெடியன் காசைப் பற்றி ஒரு வசனமும் சொல்லேல்லை. தாயைப் பற்றித்தான் சொன்னவன். அதில என்ன பிழை? உலகப் படம் விரிக்கிறது நல்ல யோசனை, எடுத்துக்கொள்ளுறன். ஆனா பிள்ளை தானே சொல்லட்டும் எண்டு நீங்கள் கேக்கிறதைத்தான் அவன் அண்டைக்குச் செய்தவன், அதுக்குத்தான் புள்ளி வெட்டினவை. இந்தமுறை போட்டிக்கு முதலே நடுவர்மாரோட கதைக்கப்போறன். புள்ளித் தாளில "சொந்த வசனம்" எண்டு ஒரு நிரல் போடச் சொல்லி எழுத்தில குடுக்கப்போறன். உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து கையெழுத்து வைக்குமோ?