தோளில் இருக்கும் கை

சுமதி: ஞாயிறு எல்லாரும் வருகிறீர்கள்தானே. அன்றைக்கே அம்மாவைத் தனியாக ஒரு நல்ல போட்டோ எடுத்துவிடலாம். சித்தி வீட்டில் பார்த்தீர்கள் இல்லையா, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். யாரோ மாதிரி இருந்தது.

கீதா: ஆமாம் அண்ணி. எனக்கும் மனது கேட்கவில்லை.

சுந்தரம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜு: நான் படித்துவிட்டேன் அண்ணா. அம்மாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

சுமதி: அவள் எங்கே இதையெல்லாம் பார்க்கிறாள்.

கீதா: ஸ்டுடியோவிலிருந்து யாரையாவது வரச் சொல்லலாமா?

சுமதி: போன தடவை வந்தவர் முகத்தை மெழுகு மாதிரி ஆக்கிக் கொடுத்தார். ஒரு சுருக்கம்கூட இல்லை. அம்மாவே யார் இது என்று கேட்டாள்.

பிரபு: யாரும் வேண்டாம். என் போன் போதும். முன் அறை ஜன்னல், ஒரு தெர்மோகோல் அட்டை, அவ்வளவுதான்.

வித்யா: ஆரம்பித்துவிட்டார் அத்தான்

பிரபு: பொறுமையாகப் படியுங்கள். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வருகிற வெளிச்சம் என்பதால் நிழல் வெட்டிவைத்த மாதிரி விழும். உச்சி வெயிலில் நிற்கவைத்தால் கண் இரண்டும் குழியாகத் தெரிவது அதனால்தான். வெயில் நேராக விழாத ஜன்னல் என்றால் வெளியே தெரிகிற வானம் முழுக்க நமக்கு விளக்கு. பாட்டி ஜன்னலிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். அறைக்குள் தள்ளிப் போகப் போக வெளிச்சமும் குறையும், நிழலும் கடுமையாகும்.

சுந்தரம்: வடக்கு ஜன்னல்தான் சரி. பழைய ஸ்டுடியோக்களில் கூரையிலேயே கண்ணாடி பதித்து வடக்கு வெளிச்சத்தை உள்ளே விடுவார்கள்.

பிரபு: சரிதான் பெரிய மாமா. ஆனால் கடக ரேகைக்குத் தெற்கே இருந்தால் ஜூன் கடைசியில் மதிய வெயிலே வடக்கிலிருந்துதான் வரும். எந்தத் திசை என்பதைவிட வெயில் உள்ளே விழுகிறதா என்று பார்த்தால் போதும். விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடலாம்.

சுந்தரம்: முப்பது வருடம் கட்டடம் கட்டியவனுக்குத் திசை சொல்லித் தருகிறாயா?

சுமதி: அண்ணா.

சுந்தரம்: சரி, சொல்லட்டும்.

பிரபு: அட்டை எதற்கு என்றால், ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெளிச்சமாக இருக்கும், மறுபக்கம் இருட்டிவிடும். அந்த இருட்டுப் பக்கத்தில், படத்துக்குள் வராமல், முடிந்த அளவு கிட்டே அட்டையைப் பிடிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். கிட்டே கொண்டுபோனால் நிழல் கரையும், விலக்கினால் திரும்ப வரும். முழுக்கக் கரைத்தால் முகம் தட்டையாகிவிடும், கொஞ்சம் நிழல் இருக்கட்டும். கீழேயிருந்து மட்டும் பிடிக்கவே கூடாது, பேய்க்கதை சொல்கிறவர் மாதிரி ஆகிவிடும்.

ராஜு: நீளம்.

வித்யா: அலுமினியத் தாள் ஒட்டினால்?

பிரபு: நன்றாகக் கசக்கிப் பிரித்து ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினால் ஒரே இடத்தில் பளீரென்று அடிக்கும், பாட்டிக்குக் கண் கூசும். வெறும் வெள்ளையே போதும் என்பது என் கட்சி.

வித்யா: காரில் வெயிலுக்கு வைக்கிற வெள்ளித் தட்டி எங்களிடம் இருக்கிறதே

ராஜு: அது கிழிந்துவிட்டது.

கீதா: எப்போது?

ராஜு: வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

சுந்தரம்: அப்பாவின் யாஷிகா காமிரா இருந்திருந்தால் இந்த அட்டைக்கெல்லாம் வேலையே இல்லை.

சுமதி: எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

கீதா: எங்கள் வீட்டில் இல்லை.

சுந்தரம்: உன்னை யாரும் கேட்கவில்லையே கீதா.

ராஜு: லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னேன்.

சுமதி: அப்படியானால் உன்னிடம்தான் இருக்கிறது.

ராஜு: இருந்தது.

பிரபு: காமிராவை விடுங்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒருவர், கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல் மகளும் மருமகனும் ஒரு காமிரா பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. வீட்டிலிருந்த கண்ணாடிக் கோழிக்கூண்டைத்தான் ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். அவர் எடுத்த முகங்களை இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுமதி: பார்த்தாயா ராஜு. அங்கே பிள்ளைகள் காமிராவைக் கொடுத்திருக்கிறார்கள்.

வித்யா: அத்தை 😂

கீதா: அத்தையை அந்தக் கிளிப்பச்சைப் புடவை கட்டச் சொல்லட்டுமா?

பிரபு: வேண்டாம் அத்தை, முகவாய்க்கு அடியில் பச்சை ஏறிவிடும். வெளிர் நிறமாக இருந்தால் புடவையே பாதி அட்டை வேலையைச் செய்துவிடும். அப்புறம் அறையில் மஞ்சள் பல்ப் எரியக் கூடாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், அது 2700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5500. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம்.

சுமதி: பகலில் விளக்கை அணைக்க அம்மாவுக்கா சொல்லித்தர வேண்டும்?

சுந்தரம்: மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் தெரியும். கழற்றச் சொல்லுங்கள்.

பிரபு: கழற்றினால் பாட்டி மாதிரியே இருக்காது மாமா. காதுப் பக்கம் கம்பியை ஒரு நூல் உயர்த்தினால் கண்ணாடி லேசாகக் கீழே சாயும், பிம்பம் விலகிவிடும். விழிக்குள் சின்னதாக ஒரு ஜன்னல் தெரிய வேண்டும், அது இருந்தால்தான் கண்ணுக்கு உயிர். நான் கிட்டே வராமல், இரண்டு மடங்கு ஜூமில் தள்ளி நின்று எடுப்பேன். கிட்டே வந்தால் மூக்கு பெரிதாகிவிடும்.

ராஜு: அது போனின் குற்றமில்லை, நம் குடும்ப மூக்கு.

சுமதி: எப்படியோ, அப்பா படம் மாதிரி ஆகக் கூடாது. கல்யாண வீட்டுக் கும்பலிலிருந்து வெட்டி எடுத்தது. தோளில் யாருடையதோ நாலு விரல் இன்னும் நிற்கிறது.

சுந்தரம்: யாருடையதோ இல்லை, என்னுடையது. நான்தான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ராஜு: அண்ணா, நீங்கள் அன்றைக்கு வரவே இல்லை. பெண் வீட்டாரோடு சண்டை. அது என் கை.

சுந்தரம்: யார் சண்டை போட்டது?

வித்யா: ஒரு விரலில் மோதிரம் இருக்கிறதே அப்பா

ராஜு: அப்போது போட்டிருந்தேன்.

கீதா: எப்போது?

அம்மா: அது என் கை

அம்மா: நானும் அந்தப் படத்தில் இருந்தேன் என்னை வெட்டியது யார்

சுமதி: அம்மா, நீ எப்போதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாய்?

அம்மா: சுந்தரம் அழித்ததற்கு முன்னாடி இருந்து

சுந்தரம்: 🙏

அம்மா: கண்ணாடி கழற்ற மாட்டேன். பச்சைப் புடவைதான் கட்டுவேன். ஞாயிறு வேண்டாம் நீங்கள் எல்லாரும் சேர்ந்தால் சத்தம்

சுமதி: அப்போது சனிக்கிழமையா?

பிரபு: சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் வரலாம். மேகமாக இருந்தால் இன்னும் நல்லது. அட்டையை யார் பிடிப்பது?

ராஜு: நான்.

சுந்தரம்: நான் பிடிக்கிறேன். திசை தெரிந்தவன் பிடித்தால் போதும்.

அம்மா: தெர்மோகோல் வாங்க வேண்டாம் பரணில் டிவி வந்த பெட்டிக்குள் இருக்கிறது

பிரபு: அது மேடு பள்ளமாக இருக்குமே பாட்டி. சரி, மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

வித்யா: பரணில் யார் ஏறுவது?