கலைச்சொல் விவாதம்: விற்கப்போகும் ரவுட்டரை ‘மீட்டமைப்பதா’, அழிப்பதா?

அன்பின் நண்பர்களுக்கு,

பழைய ரவுட்டர்களை விற்பவர்களுக்காக நாம் எழுதும் தமிழ்க் குறிப்பேட்டில் ‘ஃபக்டரி ரீசெற்’ (ரவுட்டரை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்புவது) என்பதற்குத் ‘தொழிற்சாலை மீட்டமைப்பு’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மீட்டல் என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். அதே குறிப்பேட்டில் நாலு பந்தி தள்ளி, அழிந்த தகவலைத் திரும்ப எடுப்பதைத் ‘தரவு மீட்பு’ என்கிறோம். எதிரெதிரான இரண்டு வேலைக்கும் ஒரே வேர் என்றால் வாசிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

ரீசெற் பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்லை முடிவு செய்ய வேண்டும். பழைய வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில், மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் 4, 8 அல்லது 16 மெகாபைட் ஃபிளாஷ் சிப் ஒன்று இருக்கும். அதில் ஒரு சிறு பகுதியில்தான், சில மாதிரிகளில் 64 கிலோபைட் அளவில், நம்முடைய அமைவுகள் எல்லாம் கிடக்கும்: வைஃபை பெயர், கடவுச்சொல், நிர்வாகக் கடவுச்சொல், இணைப்பு நிறுவனம் தந்த பயனர் பெயர், வீட்டுச் சாதனங்களின் பெயர்கள், விபிஎன் வைத்திருந்தால் அதன் சாவி. வைஃபை கடவுச்சொல்லை ரவுட்டரே பயன்படுத்த வேண்டியிருப்பதால் பல மாதிரிகளில் அது அப்படியே வாசிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும்.

ஃபிளாஷ் சிப்பில் நோர், நான்ட் என்று இரண்டு வகை உண்டு. நோர் வகையில் பொதுவாக ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே அதில் புதியதை எழுத முடியும். ஆகவே அதே இடத்தில் புதிய அமைவை எழுதினாலே பழையது போய்விடும். நான்டிலும் அழித்த பிறகே எழுத முடியும், ஆனால் அதே இடத்தில் எழுதுவதில்லை. சிப் தேயாமல் இருப்பதற்காக மென்பொருள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொகுதியில் எழுதும். பழைய பிரதி இன்னொரு மூலையில் கிடக்கும். சில மாதிரிகளில் அமைவுக்குக் காப்புப் பிரதியும் தனியே உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் போட்ட ரவுட்டர்கள் பலவற்றில் உள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறையும் பழைய துண்டுகளை உடனே அழிக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன், ஒரே பெயர். விளைவு மட்டும் வேறு.

அமெரிக்காவின் நிஸ்ற் என்ற தரநிர்ணய நிறுவனம் 800-88 என்ற வழிகாட்டியில் (2014 திருத்தம்) இதை மூன்று படியாகப் பிரித்திருக்கிறது. சாதனத்தின் சொந்த வசதியால் அழிப்பது முதற்படி. ரவுட்டரின் ரீசெற் இதற்குள்தான் வருகிறது. ஆய்வுகூடத்தில் முயன்றாலும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிப்பது இரண்டாவது. சாதனத்தையே நொறுக்குவது மூன்றாவது. நமக்கும் மூன்று சொல் வேண்டும். பொதுச் சொல்லாகத் ‘தரவொழிப்பு’ என்று வைக்கலாம். டெங்கு ஒழிப்பு என்கிறோம்; வாடகை வீட்டை ஒழித்துக் கொடுப்பது என்கிறோம். அடுத்தவர் வருமுன் முழுதாகக் காலி செய்வது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

— வெள்ளவத்தையிலிருந்து

*

அண்ணா, வணக்கம்.

‘ஒழிப்பு’ எழுத்தில் அழகு. ஆனால் இந்தக் குறிப்பேட்டைப் பார்த்துப் பாதிப் பேர் போனில்தான் ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். ‘ரவுட்டரை ஒழிச்சாச்சோ?’ என்று கேட்டால் ‘ஒளிச்சாச்சோ?’ என்றுதான் காதில் விழும். ஒளித்தல் என்பது மறைத்து வைத்தல். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்பேன்.

‘சுத்திகரிப்பு’ என்று வேறொருவர் முன்பு எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டால் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம்தான் நினைவுக்கு வரும். ‘தரவுத் துப்புரவு’ என்றாலோ புள்ளிவிபரக்காரர் பிழையான பதிவுகளைத் திருத்துவதற்கு அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். ‘தடமழிப்பு’ பொலிஸ் செய்தி மாதிரி இருக்கிறது. குற்றம் செய்தவர் தடயத்தை அழிப்பதுதான் மனதில் வரும். ‘துடைத்தல்’ என்றால் தூசியைத் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

என் முன்மொழிவு: பொதுச்சொல் ‘தரவழிப்பு’. அதற்குள் மேலழிப்பு, மீளா அழிப்பு, சிதைப்பு என்று மூன்று படி. ‘அழி’ எல்லாருக்கும் தெரிந்த வினை, ஏவலாகவும் சொல்லலாம். மீட்பு என்ற சொல் தகவலைத் திரும்ப எடுப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

படிமுறையிலும் திருத்தங்கள் உண்டு. ‘ரீசெற் செய்யவும்’ என்ற ஒற்றை வரி போதாது. முதலில் ஃபைபர் வயரை, அல்லது தொலைபேசி வயரைக் கழற்ற வேண்டும். இணைப்பு நிறுவனம் கொடுத்த ரவுட்டர்களில் டிஆர்-069 என்ற தொலைமேலாண்மை ஓடுகிறது. வயர் செருகியிருந்தால், ரீசெற் முடிந்து எழும்பியவுடன் நிறுவனத்தின் சேவையகம் பழைய கணக்கு விபரத்தைத் திரும்ப அனுப்பி ஏற்றிவிடலாம். சிம் போடும் 4ஜி பெட்டி என்றால் சிம்மை எடுத்துவிட வேண்டும். அதற்குள் வந்த குறுஞ்செய்திகளையும் பார்த்து அழிக்க வேண்டும். மெஷ் பெட்டிகளை (வீடு முழுவதும் வைஃபை பரப்பச் சேர்ந்து ஓடுபவை) முதலில் செயலியில் கணக்கிலிருந்து விடுவித்த பிறகே ரீசெற். இல்லாவிட்டால் வாங்கியவர் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் திரும்பக் கொண்டுவருவார்.

பட்டனிலும் ஒரு சிக்கல். பல மாதிரிகளில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் (கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமல் சாதனத்தை இணைக்கும் வசதி) ரீசெற்றுக்கும் ஒரே பட்டன். ஒரு தடவை தட்டினால் டபிள்யூபிஎஸ் மட்டும் திறக்கும். விளக்கு மினுங்குவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ரவுட்டர் முழுதாக எழும்பிய பின், ஏறக்குறைய 2 நிமிடம் கழித்து, ஊசியால் 10 செக்கன் விடாமல் அமுக்க வேண்டும். மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் இன்னும் கவனம்: மின்சாரம் கொடுக்கும்போது பட்டனை அமுக்கிப் பிடித்து, விளக்கு மினுங்கத் தொடங்கியதும் விட வேண்டும். மேலும் பிடித்தால் வேறு நிலைக்குப் போய்விடும். அதில் ரீசெற் செய்தாலும் கோப்புப் பட்டியலில் சேமித்த காப்புப் பிரதிகள் அப்படியே இருக்கும். அவற்றையும் போக்க, அந்த நிறுவனத்தின் நெற்இன்ஸ்டோல் மென்பொருளைக் கொண்டு ரவுட்டரின் மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும். அங்கே பழைய அமைவை வைத்திருக்கும் தெரிவில் குறி இருக்கக்கூடாது.

— கொட்டாஞ்சேனையிலிருந்து

*

வணக்கம். தம்பி சொன்ன ‘தரவழிப்பு’ எனக்குச் சம்மதம். ‘மேலழிப்பு’ மட்டும் இடறுகிறது. மேல் என்றால் மேலானது என்றும் படும். ‘மேலழிப்பு செய்தேன்’ என்பவர் சிறந்ததையே செய்துவிட்டதாக நினைப்பார். ‘மேலோட்ட அழிப்பு’ என்றால் அந்த ஐயம் வராது. நீளம்தான், ஆனால் எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சிதைப்பைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒன்றுமே இல்லை. கொழும்பில் மின்னல் மழைக்காலத்தில் ரவுட்டர் செத்துப்போவது வழமை. எழும்பாத பெட்டியில் ரீசெற் வேலை செய்யாது. ஆனால் பெரும்பாலும் எரிவது மின்வழங்கல் பகுதி அல்லது வயர் நுழையும் பகுதி. ஃபிளாஷ் சிப் உயிரோடு இருக்கும். எட்டுக் கால் உள்ள அந்தச் சிப்பில் சிஎச்341ஏ என்ற மலிவான வாசிப்பியின் கவ்வியை மாட்டினால், சாலிடர் கழற்றாமலே உள்ளடக்கத்தை முழுதாக எடுத்துவிடலாம். அதனால் செத்த பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் மூடியைத் திறந்து, புரொசெசருக்குப் பக்கத்தில் 25கியூ64 அல்லது 25கியூ128 என்பது போல் எழுதிய சிப்பைத் தேடி, வெட்டுக்குறடால் இரண்டாகப் பிளக்க வேண்டும். நான்ட் என்றால் 48 கால் உள்ள தட்டைச் சிப்பாக இருக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், துண்டு தெறிக்கும். பையில் கொண்டு திரியும் வைஃபை என்றால் பற்றரியைக் கழற்றிய பிறகே கை வைக்கலாம். எந்தப் பலகையையும் எரிக்கக்கூடாது.

விளம்பரப் படமும் தரவுக்கசிவுதான். இக்மன் விற்பனைத் தளத்தில் போடும் படங்களில் அடிப்பக்க ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிகிறது: தொடர் இலக்கம், மக் முகவரி (வலையமைப்பில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்), ஆரம்பக் கடவுச்சொல். மக் முகவரி ரீசெற்றால் மாறாது. வைஃபை முகவரிகளை இடத்தோடு சேர்த்துப் பதியும் விகிள் போன்ற பொதுத் தளங்களில் அது இருந்தால், அந்த ரவுட்டர் எந்த வீட்டில் ஓடியது என்று கண்டுபிடிக்க வழியுண்டு. ஸ்டிக்கரை மறைத்துப் படம் எடுங்கள் என்று ஒரு வரி சேர்ப்போம்.

— தெஹிவளையிலிருந்து

*

அன்பின் நண்பர்களுக்கு,

ஒழிப்பை விட்டுவிடுகிறேன், ழகரக் காரணம் சரியானது. ஆக: தரவழிப்பு; அதற்குள் மேலோட்ட அழிப்பு, மீளா அழிப்பு, சிதைப்பு. பட்டனால் செய்யும் வேலைக்குப் பெயர் ‘ஆரம்பநிலைக்குத் திருப்பல்’. அதன் பலன் மேலோட்ட அழிப்பு மட்டும் என்று பக்கத்திலேயே எழுதுவோம்.

நான்ட் சிப் உள்ள வீட்டு ரவுட்டரில் மீளா அழிப்புக்குச் சாதாரண பயனருக்கு நம்பகமான வழி இல்லை. அதை மழுப்பாமல் சொல்லிவிட்டு, செய்யக்கூடியதைக் கொடுப்போம். திருப்பிய பின் கணினியை லேன் வயரில் இணைத்து, உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற ரவுட்டரின் அமைவுப் பக்கத்துக்குப் போய், புதிய நிர்வாகக் கடவுச்சொல் கேட்கிறதா, வைஃபை பெயர் ஸ்டிக்கரில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிறகு பொய்யான பெயரும் நீளமான கடவுச்சொல்லும் கொடுத்துச் சேமித்து, மறுபடி திருப்ப வேண்டும். நோர் சிப் என்றால் இது பெரும்பாலும் போதும். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபேர்ம்வேரைப் புதுப்பிப்பது அழிப்பாகாது, பொதுவாக அது அமைவைத் தொடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுவோம்.

கடைசியாக, புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே போடுவதுதான் அதிகம் நடப்பது. போன்களையெல்லாம் திரும்ப இணைக்கத் தேவையில்லை என்பதற்காக. விற்ற பெட்டியில் ஒரு பிரதி தப்பினாலும் அது இன்றைய வீட்டுச் சாவியாகிவிடும். ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதைக் குறிப்பேட்டின் முதலாம் படியாக ஏற்றிவிடுகிறேன். ஃபைபர் பெட்டி நிறுவனத்தின் உடைமையா என்று ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லும் வரி அதற்கும் மேலே வரும். உடைமை அவர்களுடையது என்றால் விற்கவே முடியாது.

— வெள்ளவத்தையிலிருந்து