சர்க்கரைத் தண்ணியிலயும் எல்இடி எரியுது, எங்க தப்பு?

பாப்பாஅம்மா:
பொண்ணு பத்தாவது. பள்ளிக் கண்காட்சிக்கு மின்பகுளி சோதனை, அதாவது எந்தக் கரைசல் கரண்டைக் கடத்துதுன்னு பாக்கற சோதனை வைக்கிறோம். 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி, ரெண்டு பென்சில் லீடு. உப்புத் தண்ணியில பளிச்சுன்னு எரியுது. வினிகர்ல மங்கலா எரியுது. சர்க்கரைத் தண்ணியில எரியவே கூடாது, ஆனா அதுலயும் மங்கலா எரியுது!

இன்னொரு குழப்பம். வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலமும் சகப்பிணைப்புச் சேர்மம்தானே (அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போட்டுச் சேர்ந்தது)? அயனியே (மின்சுமை உள்ள துகள்) இல்லாததுல கரண்ட் எப்படிப் போகும்? சகப்பிணைப்புன்னா கடத்தாதுன்னு கைடுல ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

லேப்அண்ணன்:
சர்க்கரை போடாம வெறும் தண்ணியில லீடை முக்கிப் பாத்தீங்களா? என்ன தண்ணி?

பாப்பாஅம்மா:
இப்பத்தான் பாத்தேன் சார். வெறும் தண்ணியிலயே எரியுது. போர் தண்ணி.

லேப்அண்ணன்:
அதான் விஷயம். வெந்நீர்ப் பாத்திரத்துல வெள்ளையாப் படியுதே, அந்தக் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் அயனியாவே அதுல இருக்கு. சர்க்கரை மேல பழி போடாதீங்க. பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. கிளாஸையும் லீடையும் அதுலயே அலசுங்க. உப்புல முக்கின லீடை அப்படியே சர்க்கரைக்குள்ள விட்டா மறுபடி எரியும்.

ரெண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. கரையறது வேற, அயனியாப் பிரியறது வேற. சர்க்கரை மூலக்கூறைத் தண்ணி சுத்தி நின்னு ஹைட்ரஜன் பிணைப்புல தூக்கிட்டுப் போகும், ஆனா மூலக்கூறு முழுசாவே இருக்கும். அமிலம் அப்படியில்ல. ஹைட்ரஜன் குளோரைடும் சகப்பிணைப்பு வாயுதான். டொலுவீன்ங்கிற கரிமக் கரைப்பான்ல கரைச்சா கரண்ட் போகாது. தண்ணியில விட்டா அதோட புரோட்டானை நீர் மூலக்கூறு பிடுங்கிக்கும். ஹைட்ரோனியம் (புரோட்டான் சேர்ந்த நீர் மூலக்கூறு), குளோரைடுன்னு ரெண்டு அயனி பிறக்கும். உப்புல அயனி முன்னாடியே இருக்கு, இங்க தண்ணியோட வினை நடந்த பிறகுதான் உருவாகுது. கைடுல அந்த வரி பக்கத்துல "தண்ணியோட வினைபுரியாத வரைக்கும்"னு பென்சில்ல எழுதிக்கச் சொல்லுங்க.

அசிட்டிக் அமிலம் இதுல கஞ்சன். 4 சதவீத வினிகர்ல ஆயிரம் மூலக்கூறுக்கு அஞ்சுதான் பிரிஞ்சிருக்கும், மீதி அப்படியே மிதக்கும். அதான் மங்கல்.

கம்பிகாரன்:
எல்இடி வெளிச்சத்தை நம்பாதீங்க மேடம், ரெண்டு மில்லி ஆம்பியருக்கே நல்லா எரியும். மல்டிமீட்டரைத் தொடர்ல போட்டு எண்ணைக் காட்டுங்க. எந்தக் காரணத்துக்கும் வீட்டு 230 வோல்ட்டுல குண்டு பல்பு வெச்சு செய்யாதீங்க.

பாப்பாஅம்மா:
டிஸ்டில்டு வாட்டர்ல செஞ்சாச்சு. சர்க்கரைக்கு எல்இடி அசையவே இல்ல! மீட்டர்ல உப்பு 8, வினிகர் 2 மில்லி ஆம்பியர். மகளே சார்ட்டுல எழுதிட்டா. ஒண்ணு மட்டும் கேக்கணும்: உப்புக் கிளாஸ்ல நீச்சல் குளம் மாதிரி வாடை வருதே?

லேப்அண்ணன்:
குளோரின்மா, பாசிட்டிவ் பக்கத்து லீடுல இருந்து வருது. பேட்டரியை அஞ்சு பத்து நொடிக்கு மேல இணைச்சு வைக்காதீங்க, ஜன்னல் ஓரமா மேசை கேளுங்க.