ஃபைபருக்கு மாறும்போது லேண்ட்லைன் நம்பரை எப்படிக் காப்பாற்றுவது?

பிரிட்டனில் இருப்பவர்கள் உதவுங்கள். அம்மா வீட்டில் செம்புக் கம்பி இணைப்பை விட்டு முழு ஃபைபருக்கு மாறுகிறோம். பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடப்போகிறார்கள், எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் நம்பர்தான். சொந்தபந்தம் எல்லோருக்கும் மனப்பாடமான நம்பர், அம்மா விடவே மாட்டார். புது நிறுவனமோ இன்டர்நெட் மட்டும்தான் தருகிறது. அதனால் நம்பரைத் தனியாக ஒரு வாய்ப் (VoIP, இணையவழி போன்) சேவைக்கு மாற்ற எண்ணம்.

பழைய இணைப்பை முதலில் ரத்து செய்தால் நம்பர் போய்விடக்கூடும் என்று தெரியும். ஆனால் 2024 செப்டம்பரில் வந்த ஒன் டச் ஸ்விட்ச் முறையில் புது நிறுவனமே பழையதை முடித்துவைக்குமே, அப்போது நம்பர் என்னாகும்? அதைத் தவிர்த்து, ஃபைபர் ஓடத் தொடங்கியபின் போர்ட் (நம்பரை வாய்ப் நிறுவனத்துக்கு மாற்றுவது) கேட்டு, கடைசியில் பழையதை நிறுத்துவதுதான் சரியா? கொஞ்ச நாள் இரட்டைக் கட்டணம், பரவாயில்லை.

இன்னொன்று: கரண்ட் போனால் ரவுட்டரோடு போனும் செத்துவிடும். அம்மாவிடம் மொபைல் கிடையாது. பேட்டரி பேக்கப் வைத்திருப்பவர்கள் எது நல்லது என்று சொல்லுங்களேன்.